அலுமாரிக்குள் ஒரு சாக்சபோன்

அலுவிகாரையில் எங்கள் வீட்டின் முன்னறையில் நண்பர்களோடு ஒரு புதிய ஜாஸ் சாக்சபோன் ஆல்பம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னடா இது, போர்வைக்குள்ள இருந்து ஊதுற மாதிரி இருக்கு," என்றான் ரவி.

"இல்ல மச்சான், யாருக்கோ பயந்து பயந்து வாசிக்கிறாரு," என்றான் நிசாம்.

எனக்கோ அந்த அமுங்கிய ஓசையில் மடித்து வைத்த பட்டுச்சேலையின் வாசம் வந்தது.

கல்யாண பேண்டில் சாக்சபோன் வாசித்த அப்பா, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை விழித்துவிடக் கூடாதென்று, அலுமாரியைத் திறந்து, சாக்சபோனின் அகன்ற வாயை அம்மாவின் சேலைகளுக்குள் நுழைத்துத்தான் பழகுவார்.

"சேலையெல்லாம் எச்சி வாடை அடிக்குதுங்க," என்று அம்மா தினமும் சண்டை பிடிப்பார். அப்பா இறந்தபின் அம்மா அந்த அலுமாரியை யாரையும் தொடவிட்டதில்லை.

பாட்டு ஓடிக்கொண்டிருக்க, உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"யாருப்பா அலுமாரியத் தொறந்தது?"