ஒரு குலைக்கு எட்டு

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. தேனீ என்றால் கடைத்தெரு வரை தெரியும். வெனிலாப் பூவைத் தேடி வருகிற பூச்சி அந்தப் பக்கம் கிடையாது; மகரந்தம் சேர்க்கிற வேலையை மனுஷர்தான் செய்தாக வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள்தான் செய்தாள். பட்டப்பெயர் வைத்தது கட்டினவர். "நம்ம தேனீ கொட்டவும் செய்யும், தள்ளியே நில்லுங்க" என்று காய் வாங்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

வெனிலாவும் ஒரு ஆர்க்கிட்தான். அந்த இனத்துப் பிகு அதற்கும் உண்டு. முழு வெயில் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. வேரை மண்ணில் ஆழப் புதைத்தால் அழுகிவிடும், மட்கின இலையை மேலே போர்த்தினால் போதும். மரத்தில் ஏற விட்டால் ஏறிக்கொண்டே போகும், பூக்க மறந்துவிடும். கை எட்டுகிற உயரத்தில் மடக்கித் தொங்கவிட வேண்டும். பூ விடிகாலையில் விரிந்து உச்சிவெயிலுக்குள் வாடிவிடும். அதற்குள் மூங்கில் சிம்பால் பூவின் உதட்டு இதழைக் கிழித்து, நடுவில் மறித்து நிற்கிற மெல்லிய தோலைத் தூக்கி, மகரந்தத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட வேண்டும். அவளுக்கு அது கண் சிமிட்டுகிற நேர வேலை.

இதற்கெல்லாம் மேலே அவருடைய சட்டம் ஒன்று இருந்தது. குலையில் இருபது பூ வந்தாலும் எட்டைத்தான் தொடலாம். மிச்சம் தானாக உதிரட்டும். காய் ஒன்பது மாதம் கொடியை உறிஞ்சும். "எல்லாத்தையும் சுமக்க வச்சா கொடி செத்துப்போகும்" என்பார்.

பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சு மட்டும் தப்பியது. தோட்டம் அண்ணன் தம்பிக்குப் பொதுச்சொத்து. கொழுந்தன் வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்.

"அண்ணி, அண்ணன் நடமாடுற வரைக்கும் நான் வாயே தொறக்கல. இந்த வருஷம் காய் நெறைய வரலன்னா கொடிய அறுத்துட்டு வேற எதையாவது நட்டுருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

கட்டிலில் கிடந்தவருக்கு நாள் முழுக்க இருந்தது ஒரே ஒரு பேச்சு, சாயங்காலம் அவள் திரும்பி வந்து சொல்கிற தோட்டத்துப் பேச்சு. கொடி போனால் இவரும் போய்விடுவார் என்று அவளுக்குப் பயம்.

பூக்காலம் வந்தது. முதல் கொடியில் குலைக்கு எட்டோடு நிறுத்தினாள். இரண்டாவது கொடியில் ஒரு குலையின் ஒன்பதாவது பூ வாயைத் திறந்துகொண்டு நின்றது. கொழுந்தன் முகம் ஞாபகம் வந்தது. தொட்டுவிட்டாள். ஆழம் தெரிந்தே காலை விட்டவளை யார் தடுப்பது? அதற்கப்புறம் ஒரு பூவையும் அவள் விடவில்லை.

"எத்தன தொட்ட?" என்று கேட்டார் சாயங்காலம்.

"எட்டுதாங்க."

"பூ ஆச காட்டும். ஏமாந்துடாத."

"நான் என்ன நேத்து வந்தவளா?"

காய்ப்பைப் பார்த்த கொழுந்தனுக்குத் திறந்த வாய் மூடவில்லை. "இனிமே கொடியப் பத்தி நான் பேசவே மாட்டேன் அண்ணி" என்றான். பாவம், அந்த நிம்மதி அவளுக்கு அறுவடை வரைக்கும்தான்.

காய் பறித்த கையோடு கொடியில் இலை பழுத்தது. போர்த்தியிருந்த இலையைக் கிளறினால் வேர் கறுத்து நாறியது. ஒரு கொடியில் தொடங்கி வரிசை வரிசையாகப் போயிற்று. நல்ல துண்டாகப் பார்த்து வெட்டி நட்டாள். துளிர்க்கத் தெம்பில்லாமல் அதுவும் சுருங்கியது. கொழுந்தன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், பேசவில்லை. ஆள் விட்டுச் செத்த கொடியை எல்லாம் வாரிக் கொட்டச் சொன்னான்.

வீட்டில் கேள்வி நிற்கவில்லை. "துளிர் வந்துச்சா?" "வந்திருக்குங்க." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை, தினமும்.

ஒருநாள் அவர், "ஒரு துண்டு வெட்டிட்டு வாயேன். தொட்டுப் பாக்கணும் போல இருக்கு" என்றார்.

மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை. தேடித் தேடி, இன்னும் பச்சையாக இருந்த ஒரு முழத்தை வெட்டிக் கொண்டுவந்தாள். கொடி பச்சையாக இருந்தால் போதும் என்று நினைத்தாளே தவிர, காய் பறித்த குலைக்காம்பு அதிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததை யோசிக்கவில்லை. அவர் இடது கையால் வாங்கித் தடவினார். கட்டைவிரல் காம்புக்கு வந்தது. காய் இருந்த ஒவ்வொரு தழும்பாக நகர்ந்தது. உதடு முணுமுணுத்தது. எண்ணிக்கை எட்டைத் தாண்டியது. விரல் நிற்கவில்லை, நுனி வரைக்கும் போனது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

துண்டைத் தலையணைப் பக்கத்தில் வைத்தார். "வெளிச்சம் கண்ணக் கூசுது. கதவச் சாத்து" என்றார்.

திட்டியிருந்தால் காலில் விழுந்து அழுதிருப்பாள். அவர் திட்டவில்லை. அன்றோடு தோட்டத்தைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். சாயங்காலம் அவள் வந்து பக்கத்தில் உட்காருவாள், இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் போய்விடுவார் என்று பயந்துதானே எல்லாம் செய்தாள். அவர் போகவில்லை, அப்படியே கிடந்தார். அதுதான் அவளால் தாங்க முடியாமல் இருந்தது.

மறுபடி பூக்கிற மாதம் வந்தது. ஒரு விடிகாலை பழக்கதோஷத்தில் எழுந்து, தலையை முடிந்துகொண்டு, ஜன்னல் கட்டையில் மூங்கில் சிம்பைத் துழாவினாள். அவர் விழித்துத்தான் இருந்தார்.

"படு" என்றார். குரலில் கோபமே இல்லை. "இனிமே உனக்கு அங்க என்ன வேலை இருக்கு."

அவள் சிம்பை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.