குளுவாங்கில் ஒரு கட்டில்

அக்காவின் கையிலிருந்து கோப்பை நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே வலப்பக்கம் சாய்ந்தார். பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார் டாக்டர். அக்கா கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. செனாய் ஊரில் என்னோடுதான் இருந்தார். எனக்கும் அறுபது தாண்டிவிட்டது. இடுப்பு வலி வேறு.

வார்டிலிருந்து அனுப்பும்போது, "வீட்டுல தூக்கிப் புரட்ட ரெண்டு பேரு வேணும் அங்கிள். நர்சிங் ஹோம் பாருங்க," என்றார் டாக்டர். எங்கே என்று சொல்லவில்லை.

பார்த்தேன். ஓரிடத்தில் நடக்க முடிந்தவர்களை மட்டுமே சேர்ப்பார்களாம். நடக்க முடிந்தால் நான் ஏன் அங்கே போகிறேன்? இன்னோரிடத்தில், அக்காவுக்குப் போட்டிருந்த மூக்குக் குழாய் (விழுங்க முடியாதவருக்கு உணவு செலுத்துவது) கூடாதாம். குளுவாங்கில் ஓர் இல்லம் மட்டும் சம்மதித்தது. ஆனால் அங்கே கட்டில் இல்லை.

வாராவாரம் போன் செய்தேன். "இன்னும் காலியாகல லா அங்கிள். அடுத்த வாரம் கூப்பிடுங்க." எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று கேட்டால், "அதெல்லாம் சொல்ல முடியாது." அந்த அடுத்த வாரம் மாதக்கணக்கில் வரவேயில்லை. அக்காவுக்குப் படுக்கைப்புண் (ஒரே பக்கமாகக் கிடப்பதால் தோல் சிதைவது) வந்தது. ஒருநாள் போனிலேயே கத்திவிட்டேன். கத்தியதால் கட்டில் வரவில்லை.

அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, யாராச்சும் செத்தாத்தானே எனக்கு எடம்? அதுக்கா காத்துக்கிட்டு இருக்கோம்?" என்று குழறினார்.

அதற்குத்தான் காத்திருந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்தேன்.

கடைசியில் அவர்களே அழைத்தார்கள். நாளைக்கே வர வேண்டுமாம், இல்லாவிட்டால் வேறொருவருக்குப் போய்விடுமாம். இத்தனை மாதம் இழுத்தடித்தவர்களுக்கு அப்படியொரு அவசரம்.

"யாரு செத்தது?" என்றார் அக்கா. திரும்ப அழைத்துக் கேட்டேன்.

"யாரும் சாகல அங்கிள். மூவார்ல இருந்து மகன் வந்து அவங்க அம்மாவக் கூட்டிட்டுப் போயிட்டாரு."

அக்காவின் இடப்பக்க உதடு மட்டும் சிரித்தது. "அப்ப போலாம்."

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வார்டில் இருக்கும்போதே தேடத் தொடங்குங்கள். குழாய் இருப்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள்.

குளுவாங்கில் அக்காவின் புண் ஆறிவருகிறது. இங்கே, அக்காவைப் புரட்டுவதற்கும் குழாயில் பால் விடுவதற்குமாகத் துண்டுதுண்டாகிக் கிடந்த என் பகல் ஒரே நீளமாகிவிட்டது. மதியம் கண்ணயர்ந்தால்கூட ஒரே பக்கமாகக் கிடக்கப் பயமாயிருக்கிறது. எழுந்து, என்னை நானே புரட்டிப் போட்டுக்கொள்கிறேன்.