பல் உடைக்காத கசெட்

ரெஜினா அழைத்தபோது நான் நாவலப்பிட்டியில் கண்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். அவளுடைய அம்மா பிலோமினா அக்காவைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன். "மாமா, அம்மா போயிட்டாங்க. காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு கதிரையில சாஞ்சாங்க, அப்படியே..." என்றாள். அப்போது என் மனது என்ன நினைத்தது தெரியுமா? ஐயோ, என் கசெட் என்றுதான் நினைத்தது. ஒரு மனுஷி செத்துக் கிடக்கிறாள், எனக்குக் கசெட் கேட்கிறது. கண்டி போய்ச் சேரும்வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன்.

கண்டி அச்சகத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கும், கட்டுகஸ்தோட்டையில் அவரோடு கோவிலில் பாடியவர்களுக்கும் அக்காவை நான் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சவூதியில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்து, அச்சகத்தில் பில் எழுதும் மேசையில் உட்கார்ந்தவர் அவர். நான் புரூஃப் பார்ப்பவன். அக்காவுக்கு வாய் நீளம். முதலாளியே அந்த மேசையைச் சுற்றிக்கொண்டுதான் போவார். வெளிநாடு போனவர்கள் எல்லோரும் தங்கம் கொண்டுவந்த காலத்தில் இவர் ஒரு டபுள் கசெட் செட்டை மடியில் வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தார். "தங்கத்த அடகு வைப்பாங்க. இத எவன் அடகு பிடிப்பான்?" என்பார்.

ரெஜினா சின்னப்பிள்ளையாகக் கோவிலில் முதல்நன்மை வாங்கிய விருந்தன்று பாட்டுப் போடலாம் என்று அந்தச் செட்டின் பிளக்கை எடுத்துச் சுவரில் செருகப் போனேன். சமையலறையிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தார். "கைய எடு தம்பி! அவ சவூதிக்காரி. அந்த ஊரு கரண்ட்டு நூத்திப்பத்து, நம்மது இருநூத்தி முப்பது. நேரா குடுத்தா வயிறு வெந்து செத்துப் போவா." விருந்துக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும்தான். பிறகு கரண்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் பெட்டியை அலுமாரிக்குள்ளிருந்து தூக்கிவந்து, பெட்டியைச் சுவரிலும் செட்டைப் பெட்டியிலும் தானே மாட்டினார். அடுத்த தடவை போனபோது அந்தத் தட்டைப் பிளக்கில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. "ஒனக்காகத்தான் கட்டினேன்" என்றார்.

சனிக்கிழமை பின்னேரங்களில் செட்டைத் திறந்து துடைப்பார். "முதல்ல பிளக்கு, பொறகு ஸ்க்ரூ" என்பது அவருடைய வேதவாக்கு. பிளக்கைக் கழற்றிய கையோடு மூடியைத் திறக்கவும் விடமாட்டார். உள்ளே கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்குமாம், அது அடங்கட்டும் என்று ஆற அமரத் தேத்தண்ணி குடிப்பார். வளையல்களையும் மோதிரத்தையும் கழற்றித் தேத்தண்ணிப் பீரிஸ் தட்டில் போட்டுவிட்டுத்தான் கையை உள்ளே விடுவார். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, நாடா உரசும் அந்தச் சின்ன இரும்புத் தலையை மெதுவாகத் துடைப்பார். றப்பர் உருளைக்கு ஸ்பிரிட் கூடாது, வெடித்துவிடும் என்று ஈரத்துணிதான். ஈரம் காயும்வரை கசெட் போடவும் மாட்டார். பஞ்சில் பழுப்பாக ஒட்டியிருப்பதை என் மூக்குக்கு நேரே நீட்டி, "பாரு, ஊரு ஒப்பாரி பூரா இதுலதான் ஒட்டியிருக்கு" என்று சிரிப்பார்.

அது பொய்யில்லை. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் போனபோது கடிதம் எழுதவில்லை, கசெட்டில் பேசி அனுப்பினார்கள். அதைக் கேட்டுவிட்டு அழுவோம். பிறகு புதுக் கசெட்டுக்கு எங்கே போவது என்று, அதே கசெட்டில் எங்கள் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவோம். அவள் பேசியது அழிந்துபோகும். அதைக் கேட்டுவிட்டு அவள் மறுபடி அதன் மேலேயே பேசுவாள், எங்கள் பேச்சு அழியும். யாருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. அக்கா ஒருவர்தான் சண்டை போட்டார். கசெட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் அதன் மேல் எதையும் பதிய முடியாது. "புள்ள பேசினத அழிச்சிட்டு அதுக்கே பதில் பேசுறீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா? பல்ல உடைங்க! வேற கசெட்டு நான் தாறேன்" என்று கத்துவார். யார் கேட்டார்கள்?

என் தங்கை வசந்தாவும் சவூதிக்குத்தான் போனாள். அங்கேயே காய்ச்சலில் செத்துப்போனாள். பெட்டியில் அவள் வந்தாள், ஒரு பையில் அவளுடைய சாமான்கள் வந்தன. பைக்குள் ஒரு கசெட். மேலே அவள் கையெழுத்தில் 'அண்ணனுக்கு' என்று இருந்தது. அனுப்பாமல் விட்டுப்போன கடைசிப் பேச்சு என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். கேட்டால் உயிர் போய்விடும் என்று அம்மா அதை யாரையும் தொட விடவில்லை. அம்மாவும் போன பிறகு அதை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கசெட்டை வாங்கியவர் முதுகில் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "பல்லு இருக்கே தம்பி" என்றார். பிறகு பேசவில்லை. வாய் ஓயாத மனுஷி சும்மா இருக்கிறாரே என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

"பழைய நாடா, இன்னும் ஒரு ஓட்டம் தாங்கினா பெரிய விசயம். கண்ட மெசின்லயும் போட்டுறாத. நான் நகல் எடுத்துத் தாறேன்" என்றார். அவருடைய செட்டில் இடப்பக்கம் பாடும் வீடு, வலப்பக்கம் எழுதும் வீடு. மூலக் கசெட்டை ஒருநாளும் எழுதும் வீட்டுக்குள் விடமாட்டார். தளர்ந்த நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கிவிட்டுத்தான் போடுவார். வேகமாக நகல் எடுக்கும் பொத்தானைத் தொடவே மாட்டார், பழைய நாடா அறுந்துவிடும் என்று. ஆகவே நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "நாடா சுத்துற பெல்ட்டு தேஞ்சு போச்சு தம்பி. அக்குறணையில ரேடியோ திருத்துற ஒரு நானாகிட்ட சொல்லியிருக்கேன், வரட்டும்." மழை முடிந்தது, வெயில் வந்தது, மறுபடி மழையும் வந்தது. பெல்ட் வரவில்லை. அவர் போன அன்றும் பெல்ட்டைப் பற்றிக் கேட்கத்தான் நான் பஸ் ஏறினேன்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் போனேன். எப்படிக் கேட்பது என்று தெரியாமல், "பெல்ட் வந்திருந்தால்..." என்று இழுத்தேன். ரெஜினா விழித்தாள். "பெல்ட்டா? அது போன நத்தாருக்கே போட்டாச்சே மாமா. பாலன் பொறந்த பாட்டெல்லாம் அதுலதான கேட்டோம்." அலுமாரியைத் திறந்து ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்திலிருந்து ஒரு லேஞ்சுத் துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே வசந்தாவின் கசெட்டும் புதுக் கசெட் ஒன்றும் இருந்தன. புதியதில் என் பெயர் எழுதியிருந்தது. நகல் எப்போதோ எடுத்தாகிவிட்டது.

சிவப்பு ரிப்பன் கட்டிய பிளக்கைப் பெட்டியில் மாட்டினோம். தலையைத் துடைத்து, காயவிட்டு, நகலைப் பாடும் வீட்டில் போட்டோம். முதலில் அக்காவின் குரல்தான் வந்தது. எந்த நகல் எடுத்தாலும் அவர் அப்படித்தான் தொடங்குவார். "பிலோமினா பேசுறேன். சத்தம் சரியா இருக்கா?" ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்து என் அம்மா பேசினார். "வசந்தா, நாங்க நல்லா இருக்கோம். நீ எப்படி இருக்கே?" பிறகு நான். ஒழுகுகிற கூரைத் தகரத்தைப் பற்றி நான் பேசுகிறேன், பேசுகிறேன், பேசிக்கொண்டே இருக்கிறேன். அப்போதுதான் விளங்கியது. அவள் எனக்கு அனுப்பிய கசெட்டில் நாங்கள் பேசித் திருப்பி அனுப்பிய பதில் இது. அதைக் கேட்டுவிட்டு, மேலே பேச அவள் உயிரோடு இருக்கவில்லை. கடைசிப் பேச்சு என்று ஒன்று இருக்கவே இல்லை. இத்தனை வருஷமும் அம்மா அலுமாரியில் பூட்டிக் காத்தது என்னுடைய கூரைத் தகரத்தை.

நான் பேசி முடித்ததும் டக்கென்று ஒரு சத்தம். எங்கள் பதில் அவள் பேச்சை விடக் கொஞ்சம் சிறியது. அதனால் அழியாமல் மிஞ்சிய அவளுடைய வால் துண்டு வந்தது. "...சரி அண்ணே, நாடா முடியப் போகுது. மிச்சத்த அடுத்ததுல பேசுறேன்." அவ்வளவுதான். என் தங்கச்சி அவ்வளவுதான்.

செட்டை நிறுத்தக் கை வரவில்லை, ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு யாரோ மைக்கைத் தட்டினார்கள்.

"தம்பி, அவ்வளவுதான்ப்பா. ரெண்டு பக்கமும் பாத்துட்டேன், வேற ஒண்ணுமில்ல. பல்லத் தடவினப்பவே பயந்தேன். ஒம் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தைரியம் வரல, அதான் பெல்ட்டு பெல்ட்டுன்னு பொய் சொல்லிட்டேன். திட்டுறதுன்னா வந்து திட்டு. சோறு ஆக்கி வைக்கிறேன்."

திட்டத்தான் வேண்டும் அக்கா. எங்கே வந்து திட்டுவது? ஊரிலுள்ளவர்களின் குரலையெல்லாம் பாதுகாத்துக் கொடுத்த மனுஷியின் குரலை நாங்கள் யாரும் பதிந்து வைக்கவில்லை என்று ரெஜினா அழுதாள். இருப்பது இது ஒன்றுதான். வேறு நகல்களின் தொடக்கத்தில் ஒரு வரி இருக்கலாம், அவையெல்லாம் எந்த வீட்டில் பூஞ்சணம் பூத்துப்போய்க் கிடக்கின்றனவோ.

அந்தக் கசெட்டை ரெஜினா என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னாள். வசந்தா ஒரு வரி, அக்கா சில வரி, நடுவில் என் தகரம். எனக்கு மிஞ்சியது அதுதான், ஆறுதல் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து அதன் முதுகைத் தடவிப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் உடைக்கச் சொன்னவர் இதன் பல்லை உடைக்காமல் விட்டிருந்தார். இதைவிட நல்ல வார்த்தை கிடைத்தால் மேலே பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். கத்தி முனையை வைத்து இரண்டையும் உடைத்தேன்.