இரவல் கோல் கீப்பர்

அப்பா இவரை எங்கள் சனத்துக்கு அறிமுகப்படுத்தும்போதெல்லாம் "மகளோட வேலை செய்யிறவர்" என்றுதான் சொல்லுவார். நான் மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். இவர் லிஃப்ட் திருத்துபவர். எங்கள் மருந்துக்கடையில் ஏறி இறங்க ஒரு படிகூடக் கிடையாது. அப்படியிருக்க இந்த மனிதர் என்னோடு என்ன வேலை செய்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோயிலில், பிறந்தநாள் விழாவில், செத்தவீட்டில் எல்லாரும் தலையாட்டிவிட்டு, நெட்டையான அந்த வெள்ளைக்காரரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போவார்கள். இரண்டு வருடம் இப்படியே போனது.

உண்மை என்னவென்றால், நாங்கள் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லில்லெஸ்ட்ரோமில் ஒரே வீட்டில் இருந்தோம். கலியாணம் முடிக்காமல் சேர்ந்து வாழ்பவருக்கு நோர்வேயில் சட்டப்படி ஒரு சொல் இருக்கிறது, சம்புவர் என்று. வரிக் கந்தோரிலிருந்து பல் வைத்தியர்வரை யாரும் அதைக் கேட்டுப் புருவம் உயர்த்துவதில்லை. தமிழில் அதற்கு இருக்கிற சொற்களை அம்மாவுக்கு முன்னால் சொல்ல முடியாது. கலியாணம் முடிக்க நாங்கள் ஆயத்தம்தான். அப்பாவிடம் கேட்டபோது அவர் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். மாதக்கணக்காக அந்தப் "பாப்பம்" மட்டும்தான். எனக்கு விசர் பிடித்தது. உங்கள் வாயால் நாலு பேருக்கு முன்னால் இவரை மருமகன் என்று சொல்லும்வரை எனக்குக் கலியாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிடிவாதத்தில் நான் அப்பாவின் மகள்தான்.

இவர் பிறந்தது அமெரிக்காவின் நடுவில், கடலே இல்லாத ஒரு நகரத்தில். அங்கே ஃபுட்போல் என்றால் தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவது. காலால் விளையாடுவதைச் சொக்கர் என்பார்கள். இவருடைய தகப்பன், அண்ணன்மார் எல்லாரும் முட்டைப்பந்துக்காரர்கள். இவர் மட்டும் சின்ன வயதிலிருந்தே சொக்கர் பைத்தியம். சொந்த வீட்டிலேயே தனிக்கட்சியாக வளர்ந்ததாலோ என்னவோ, இவருக்கு எல்லா விளையாட்டைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதை யாரும் கேட்காமலே சொல்லும் பழக்கமும் இருந்தது.

முட்டைப்பந்து ஆட்டத்தில் பந்து ஓடுவது கொஞ்ச நேரம்தானாம், மிச்சமெல்லாம் கூட்டம் கூடிக் கதைப்பதாம். எங்கள் கோயில் நிர்வாகசபைக் கூட்டம் மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன். பேஸ்போல் மத்தியான நித்திரைக்கு நல்லதாம். ஹாண்ட்போலில் கோல் மழையாகக் கொட்டுகிறது, கோல் என்பது ஏங்கவைத்து வரவேண்டும் என்பார். பனிச்சறுக்கல் விளையாட்டே இல்லை, அது காட்டுக்குள் ஆள் தனியப் போய்வருகிற பயணம் என்று வேலையிடத்தில் சொல்லியிருக்கிறார். நோர்வேக்காரரிடம் போய் இதைச் சொல்லலாமா? அதற்குப் பிறகு சில நாள் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் இவரோடு ஒருவரும் கதைக்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லிங்ஸ்ருட்டில் அப்பா அம்மா வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அப்பா பஸ் ஓட்டுபவர். ஒரு நாளைக்கு எத்தனையோ பேருக்கு வணக்கம் சொல்லுகிற மனிதர், இவரோடு மட்டும் நேரே கதைக்கமாட்டார். "அவருக்கு இன்னும் கறி வேணுமோ எண்டு கேள்" என்று என்னிடம் சொல்லுவார். இவர் கைநீட்டினால் தொடும் தூரத்தில்தான் இருப்பார். நான் நோர்வேஜியனில் கேட்பேன், இவர் ஓம் என்பார், நான் திரும்பி ஓமாம் என்பேன். தபாற்காரி வேலை.

அந்த வேலையிலிருந்து என்னை விடுவித்தது கிரிக்கெட். ஒருநாள் தொலைக்காட்சியில் இலங்கை அணி விளையாடிக்கொண்டிருந்தது. தேநீர் குடிப்பதற்காக நிறுத்துகிற விளையாட்டை எப்படி விளையாட்டு என்கிறீர்கள் என்று இவர் கேட்டார். அப்பா சோற்றுக் கையோடு திரும்பி, பஸ்ஸில் பிந்தி ஏறுபவரை ஏசுகிற அதே நோர்வேஜியனில், "உனக்கு விளங்காது. இது பொறுமை உள்ளவர்களுக்கான விளையாட்டு" என்றார். குசினியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தா. அப்பா இவரிடம் நேரே சொன்ன முதல் வசனம் அதுதான்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சண்டை. எனக்கு உள்ளூரச் சந்தோசம். கிழட்டு நட்சத்திரங்கள் கடைசிக் காலத்தில் அமெரிக்காவுக்கு வந்து பென்சன் எடுப்பதுபோல் விளையாடுகிறார்கள் என்று இவர் கொதிப்பார். கடைசி வருடங்களில் எனக்கும் சின்ன பஸ் றூட் தந்தால் மாட்டேன் என்று சொல்லமாட்டேன் என்பார் அப்பா. தட்டுப்படாமலே விழுந்து புரண்டு பெனால்டி கேட்கும் ஆட்டக்காரரைக் கண்டால் இருவருக்கும் ஒன்றாகவே பத்திக்கொண்டு வரும். அம்மா மட்டும், "பாவம், உண்மையா நொந்திருக்கும்" என்பா. அமெரிக்காவில் கடைசியாக வரும் அணியைக் கீழ்ப்பிரிவுக்கு இறக்குவதில்லை, மாறாக அடுத்த வருடத்தின் நல்ல இளம் ஆட்டக்காரரை முதலில் எடுக்கும் வாய்ப்பை அதற்கே கொடுப்பார்கள், இது வெட்கக்கேடு என்று இவர் சொன்னபோது அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அப்படி ஒரு நீதி உலகத்தில் இருக்கிறதா என்று இரண்டுமுறை கேட்டார். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு அப்பா நடத்தும் உதைபந்தாட்ட அணி எப்போதும் கடைசியாகத்தான் வரும்.

ஒரே ஒரு தடவை சண்டை எல்லை தாண்டியது. கழகம் மாறும் ஆட்டக்காரர்களைப் பற்றிய வாக்குவாதம் அது. வளர்த்த கழகத்தை விட்டுவிட்டுக் காசுக்காக இன்னொரு கழகத்துக்குப் போகிறவன் துரோகி என்றார் அப்பா. இவருக்கு அது பிடிக்கவில்லை. "நான் நாளைக்கு வேறு லிஃப்ட் கம்பனிக்குப் போனால் துரோகியா? நீங்களும் உங்கள் ஊரை விட்டுவிட்டு இங்கே வந்தீர்கள்தானே?" என்று கேட்டுவிட்டார். அம்மா தண்ணீர்ச் செம்பை மெதுவாக வைத்தா. அப்பா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"என்னை ஒருத்தரும் காசு குடுத்து வாங்கேல்லை எண்டு சொல்லு. துரத்தினவை, வந்தனான்."

நான் மொழிபெயர்த்தேன். இவருடைய முகம் சிவந்துபோனது. மன்னிப்புக் கேட்டார், சும்மா ஒப்புக்கு அல்ல. கொஞ்சநேரம் கழித்து, கழகம் தன்பாட்டில் விற்றுவிட்ட ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொன்னார். பயிற்சிக்கு வந்த இடத்தில், உன்னை விற்றாயிற்று, சாமான்களை எடுத்துக்கொண்டு போ என்று கேள்விப்பட்டவர்கள். சனம் அவர்களையும்தான் துரோகி என்று கூவும், ஆனால் தான் அவர்கள் பக்கம்தான் என்றார். அப்பா கரண்டியை எடுத்தார். இவருடைய தட்டில் தானே கறி போட்டார். என்னிடம் கேட்கச் சொல்லவில்லை.

இவ்வளவுக்கும் பிறகும் வெளியில் போனால் "மகளோட வேலை செய்யிறவர்"தான். வீட்டுக்குள் எவ்வளவு கதைத்தாலும் வாசலைத் தாண்டினால் அப்பாவுக்கு வாய் வராது.

ஒஸ்லோவில் எங்கள் சனத்துக்கு, இலங்கையில் விட்டுவந்த ஊருக்கொரு சங்கம், சங்கத்துக்கொரு உதைபந்தாட்ட அணி. கோடையில் எல்லாரும் கூடி விளையாடுவார்கள். ஒருமுறை எங்கள் பக்கத்து ஊர்ச் சங்கம், எங்கேயோ பயிற்சி எடுக்கும் இரண்டு நோர்வேக்கார ஆட்டக்காரரை இறக்குமதி செய்து எங்களை நார் நாராகக் கிழித்துவிட்டது. அப்பா பொதுக்கூட்டத்தில் தொண்டை அடைக்கக் கத்தி ஒரு சட்டம் கொண்டுவந்தார். விளையாடுபவர் தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ அந்த ஊர்க்காரராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரரைக் கலியாணம் முடித்தவராக இருக்கவேண்டும். அதன் ஒவ்வொரு சொல்லும் அப்பாவின் சொல்.

போன கோடையில், போட்டிக்கு முதல் நாள், எங்கள் கோல் கீப்பர் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அவர் என் மாமாவின் மகன். பதிலுக்கு ஆளில்லை. அன்றிரவு சாப்பாட்டுக்கு வரச்சொல்லி அம்மா கூப்பிட்டா. இவர் பள்ளிக்கூடக் காலத்தில் கோல் கீப்பராக நின்றவர் என்பது எல்லாருக்கும் தெரியும், ஏனென்றால் அதையும் யாரும் கேட்காமலே சொல்லியிருந்தார்.

அப்பா நெடுநேரம் பப்படத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். பிறகு பழையபடி என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நாளைக்குக் கோலுக்குள்ளை நிக்கேலுமோ எண்டு கேள்."

"என்னெண்டு நிக்கிறது? நீங்கள் போட்ட சட்டம் என்ன சொல்லுது?"

"மருமகன் எண்டு சொன்னா முடிஞ்சுது. ஆர் வந்து கலியாண எழுத்துத் துண்டைக் காட்டு எண்டு கேக்கப்போயினம்?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. "ரெண்டு வருசமா நான் கேட்டு வராத சொல்லு, ஒரு கோதாரிப் பந்துக்கு வருதோ? மைதானத்துக்குள்ளை மருமகன், வெளியிலை வேலை செய்யிறவரோ?"

"மெல்லக் கதை பிள்ளை, கீழ்வீட்டுக்குக் கேக்கும்" என்றா அம்மா.

என்ன நடக்கிறது என்று இவர் கேட்டார். ஒரு சொல் விடாமல் சொன்னேன். இவர் கையைத் துடைத்துவிட்டு அப்பாவைப் பார்த்து நிதானமாக நோர்வேஜியனில் கதைக்கத் தொடங்கினார். பெரிய கழகங்கள் தங்கள் ஆட்டக்காரரைச் சின்னக் கழகங்களுக்கு ஒரு பருவத்துக்கு இரவலாகக் கொடுப்பது உண்டு. கோல் போட்டால் அவனுக்கும் கைதட்டுவார்கள். பருவம் முடிந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு இடத்திலும் அவன் வீட்டுக்காரன் இல்லை. தனக்கு அந்த முறையே பிடிக்காது என்றார்.

"ஆகவே கேட்கிறேன். நாளைக்கு நான் இரவலா, சொந்தமா?"

வழக்கமாக இவருடைய அபிப்பிராயம் ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் ஒரு மறுப்பு இருக்கும். அன்றைக்கு அப்பா எழுந்து கைகழுவிவிட்டுப் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நாங்கள் வெளிக்கிடும்போதுகூட வரவில்லை.

இவர் போட்டிக்குப் போகமாட்டார் என்றுதான் நினைத்தேன். காலையில் பார்த்தால் பழைய கையுறைகளைத் தேடி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். பெயர் பதிகிற மேசையில் உன் அப்பா என்ன சொல்லுகிறார் என்று பார்க்கவேண்டும் என்றார். அப்பா பொய் சொன்னால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லி மானத்தை வாங்குவேன் என்றேன். சொல்லு, நான் தடுக்கமாட்டேன் என்றார். மைதானம் இருக்கிற ஹொல்ம்லியாவுக்கு ரயில் போய்ச் சேரும்வரை நான் சொல்லப்போவதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

மைதானத்தில் ஆட்டக்காரர்களைப் பதியும் மேசையில் இருந்தவர் பக்கத்து ஊர்ச் சங்கத் தலைவர். இறக்குமதி செய்து எங்களைக் கிழித்த அதே மனிதர். அப்பாவைவிட மூத்தவர். சுற்றிவர இரண்டு ஊர்ச் சனமும் நின்றது. தேநீர்க் கூடாரத்திலிருந்து அம்மாவும் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டா. என்னைப் பிடித்து வைக்கத்தான் வந்தா என்று நினைக்கிறேன். இவர் கையுறைகளோடு அப்பாவுக்குப் பின்னால் நின்றார்.

"இவர் ஆர், தம்பி?" என்று தலைவர் கேட்டார், தெரியாதவர்போல.

அப்பா திரும்பி ஒருதரம் இவரைப் பார்த்தார்.

"என்ரை மருமகன்."

வந்ததே எனக்குக் கோபம். அம்மாவின் கையை உதறிவிட்டு வாயைத் திறந்தேன். அதற்குள் தலைவர் முந்திக்கொண்டார்.

"கலியாணம் எப்ப நடந்தது? எங்களுக்கு ஒரு அழைப்புக் காட்டும் வரேல்லையே."

சுற்றி நின்றவர்கள் மேசைக்குக் கிட்ட நெருங்கினார்கள். சங்கத்தில் ஒருவரையும் கூப்பிடாமல் மகளுக்குக் கலியாணம் முடித்தேன் என்று சொன்னால் அது எங்கள் சனத்தில் ஆயுசுக்கும் தீராத குறை. ஆனால் கந்தோரில் எழுதினது, சுருக்கமாக முடிந்தது என்று ஏதாவது சொல்லித் தப்பியிருக்கலாம். அப்பாவுக்கு வாய் இல்லாமல் இல்லை.

"நடக்கேல்லை அண்ணை. இனித்தான்."

"அப்ப இவர் விளையாடேலாது. சட்டம் நீர் கொண்டுவந்தது."

"ஓம், தெரியும். விளையாட விடுங்கோ எண்டு நான் கேக்கேல்லை. ஆர் எண்டு கேட்டனீங்கள், சொன்னனான்."

சொல்லிவிட்டு அப்பா தலைகுனியவில்லை. தலைவர்தான் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகை பார்த்து வந்த அவ்வளவு சொல்லும் எனக்குள் கரைந்து, கண்ணாலும் மூக்காலும் ஓடியது. அம்மா தன் சால்வைத் தலைப்பால் முதலில் தன் முகத்தைத் துடைத்தா, பிறகு என் முகத்தை. அப்பா மீது எனக்கு இருந்த அன்பெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்ததுபோல இருந்தது. எங்கேயும் போகாமல் உள்ளேயே கிடந்திருக்கிறது, நான்தான் ஆத்திரத்தில் அதைப் பார்க்கவில்லை.

இவருக்கு மருமகன் என்ற சொல் விளங்கியிருந்தது. மற்றது ஒன்றும் விளங்கவில்லை. கையுறைகளை மாட்டுவதா கழற்றுவதா என்று தெரியாமல் என்னிடம் குனிந்து, என்ன முடிவு, நான் விளையாடலாமா என்று கேட்டார்.

"இல்லை, நீ விளையாடக் கூடாது" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோசமாக யாருக்கும் எந்தச் செய்தியையும் நான் சொன்னதில்லை.