அணைக்காத மைக்

இந்த நாட்டில் மாணவர்கள் பேராசிரியரின் கழுத்தில் கைவைக்கிறார்கள். வகுப்பு தொடங்குகிற நேரம், காது மந்தமான ஒரு பெண் விறுவிறுவென்று மேடையேறுவாள். கையில் நாடாவில் கோத்த சின்ன மைக் இருக்கும். பேராசிரியர் யாரிடமோ பேசிக்கொண்டே தலையைக் குனிவார். அவள் அதை மாட்டிவிட்டு, இதோ ஆயிற்று என்கிற மாதிரி "வுவாலா" என்று சொல்லி இறங்கிவிடுவாள். கும்பிடு இல்லை, ஒரு சங்கடச் சிரிப்புகூட இல்லை. வகுப்பு முடிந்தால் கையை நீட்டுவாள், அவர் கழற்றிக் கொடுப்பார். லியோன் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் விரிவுரைக்கூடங்களின் ஒலிக்கருவிகளைப் பார்த்துக்கொள்கிற டெக்னீஷியன் நான். மனைவியின் பிரெஞ்சு நேஷனாலிட்டியால் இங்கே வந்தவன். வருடக்கணக்காகப் பார்த்தும் இந்தக் காட்சி எனக்குப் பழகவில்லை. ஊரில், வில்லியனூர் பக்கத்து ஐடிஐயில் வாத்தியார் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி நின்ற ஆள் நான். கழுத்தைத் தொடுவதாவது!

இந்த மைக்கைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காதுக்கருவி எல்லாச் சத்தத்தையும் பெரிதாக்கும். ஃபேன், பெஞ்சு இழுபடுவது, பின்வரிசைக் கிசுகிசுப்பு எல்லாம் ஒரே இரைச்சலாக வந்து விழும். மைக் அப்படியில்லை. யார் கழுத்தில் கிடக்கிறதோ அவர் குரலையும் அவருக்கு மிக அருகில் எழுகிற சத்தத்தையும் மட்டும் பிடித்து நேராகக் காதுக்கருவிக்கு அனுப்பும். நடுவில் சுவர் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. இதை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு என் தங்கச்சி பிலோமினாவின் ஞாபகம்தான் வந்தது.

பிலோமிக்கு ஏழெட்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போகும்போது காதையும் முக்கால்வாசி எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு முன்பே பேச்சு வந்துவிட்டதால் பேசுவாள், வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். அப்படியே ப்ளஸ் டூ முடித்து, வில்லியனூருக்கு அந்தாண்டை ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். முதல் பெஞ்சு. மிஸ் போர்டு பக்கம் திரும்பினால் பாதிப் பாடம் போச்சு. பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்து மீதியை எழுதிக்கொள்வாள். அவளுக்கு ஒரே ஆசைதான். எம்.ஏ. முடித்து, அதே மாதிரி ஒரு கல்லூரியில் தானும் மிஸ்ஸாக நிற்க வேண்டும். எங்கள் சர்ச் பங்கில் அப்படி ஒரு பெண் இதுவரை கிடையாது. இன்டர்னல் மார்க் வந்ததும் போட்டோ எடுத்து எனக்குத்தான் முதலில் அனுப்புவாள். எப்போதும் நல்ல மார்க். நான் அதை இங்கே பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொள்வேன்.

போன விடுமுறைக்குப் போனபோது நல்ல காதுக்கருவி ஒரு ஜோடியும் இந்த மைக்கும் கொண்டுபோனேன். அம்மாவுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "காதுல இருக்கறது முடிக்குள்ள மறைஞ்சிடும். இது ஊருக்கே தமுக்கடிக்கும் போலக்கீதே. நாளைக்கு எவன்டா கட்டுவான் இவள?" என்றார். மிஸ்ஸிடம் எப்படிக் கேட்பது என்று பிலோமிக்கு அதைவிடப் பெரிய பயம். நானே கூடப் போனேன். வரலாற்று மிஸ் நல்ல மனுஷி. இரண்டு கையாலும் வாங்கிக் கழுத்தில் மாட்டி, தாலிச் சங்கிலியில் உரசாமல் புடவைத் தலைப்போடு சேர்த்து ஊக்குப் போட்டுக்கொண்டார். "வெளிநாட்டு ஐட்டம். பட்டன் கிட்டன்லாம் நான் தொட மாட்டேம்பா. எதுனா ஆயிடப்போவுது" என்றார். சரிதான் என்று நானும் சிரித்தேன்.

முதல் வாரம் தங்கச்சி பேசியதைக் கேட்டிருக்க வேண்டும் நீங்கள். "அண்ணா, மிஸ் போர்டு பக்கம் திரும்பினாலும் கேக்குதுண்ணா. மிஸ்ஸுக்கு நடுநடுவுல இருமல் வரும்னு எனக்கு இப்பத்தான் தெரியும்." வீடியோவில் வாயசைவு தெரிய வேண்டுமென்று கேமராவுக்குப் பக்கத்தில் முகத்தை ஒட்டி வைத்திருந்தேன். அதனால் கண்ணில் தண்ணீர் வந்ததை மறைக்க முடியவில்லை. "இன்னாண்ணா அழுவுற?" என்று கேட்டுச் சிரித்தாள்.

பிறகு ஒரு நாள். பாடம் முடிந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி பிள்ளைகள் எழுந்து நிற்க, மிஸ் மைக்கோடு வெளியே போய்விட்டார். பின்னாலேயே ஓடி, "மிஸ், அணைச்சிக் குடுங்க" என்று கேட்கிற பழக்கம் அங்கே எந்தப் பிள்ளைக்கு இருக்கிறது? அடுத்த வகுப்பில் வாங்கிக்கொள்ளலாம் என்று பிலோமி உட்கார்ந்துவிட்டாள். மிஸ்ஸின் செருப்புச் சத்தம் வராந்தாவில் போவது அவளுக்குக் கேட்டது. ஸ்டாஃப் ரூம் கதவு கேட்டது. சர்க்கரை வேண்டாம் என்று டீக்காரரிடம் சொன்னது கேட்டது. அதுவரை அவளுக்கு அது ஒரு விளையாட்டாகத்தான் இருந்திருக்கிறது.

யாரோ ஒரு மிஸ், கழுத்தில் என்ன புதிதாக என்று கேட்டிருக்கிறார். "நம்ப பிலோமினாதுங்க. அவ அண்ணன் பிரான்ஸ்லேர்ந்து கொண்டாந்து குடுத்தாரு." இதைப் போட்டால் படித்துவிடுவாளா என்று அந்த மிஸ் மறுபடி கேட்க, எங்கள் மிஸ் பெருமூச்சு விட்டிருக்கிறார். "எங்கங்க? பாவம் அது. நான்தான் பாத்து பாத்து இன்டர்னல் போட்டு வுடறேன். டிகிரின்னு ஒண்ணு இருந்தா நாளைக்குக் கட்டிக் குடுக்கவாவது ஆவும்ல."

அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவள் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு வாரம் தலைவலி என்று அம்மாவைச் சமாளித்துவிட்டு, பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

"காதுலேர்ந்து கழட்டியிருக்கலாமேடி" என்றேன்.

"நம்மளப் பத்திப் பேசறப்ப எவண்ணா கழட்டுவான்?"

"அவங்க இரக்கப்பட்டு ஏதோ சொன்னாங்க. நீ எழுதினதுக்குத்தான் மார்க்கு."

"எது நான் எழுதினது, எது அவங்க போட்டதுன்னு எனக்கு எப்படிண்ணா தெரியும்?"

மிஸ்ஸின் மேல் கோபப்படலாம் என்றால் அதுவும் முழுசாக வரமாட்டேன் என்கிறது. பிலோமி ஏன் வரவில்லை என்று அம்மாவுக்கு நாலைந்து முறை போன் செய்தவர் அவர்தான். காரணம் அவருக்கு இன்னும் தெரியாது. சொல்லக்கூடாது என்று பிலோமி என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். சொன்னால் மிஸ் மனசு கஷ்டப்படுமாம். என்ன சொல்லித் திட்டுவது இப்படிப்பட்ட பெண்ணை?

இங்கே எங்கள் அலுவலகத்தில் மாணவர்களுக்கு இந்த மைக்குகளைக் கொடுத்து வாங்குகிறவள் சில்வி. மனசு தாங்காமல் ஒரு நாள் காபி குடிக்கும்போது அவளிடம் சொன்னேன், தங்கை மைக்கை விட்டுவிட்டாள், படிப்பையும் விட்டுவிட்டாள் என்று. சில்வி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "பழுதா? காரண்டி இருக்குமே" என்றாள். பழுதில்லை, நன்றாக வேலை செய்தது, அதுதான் பிரச்சனை என்று நடந்ததையெல்லாம் சொன்னேன். என் பிரெஞ்சில்தான் கோளாறு என்று நினைத்து அவள் இன்னும் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேச ஆரம்பித்தாள். தங்கை புகார் கொடுக்கலாமே, மறுமதிப்பீடு கேட்கலாமே, உங்கள் கல்லூரியில் அதற்கென்று ஒருவர் இருப்பாரே என்றாள். எல்லாம் நியாயமான பேச்சு. மார்க்கையும் இரக்கத்தையும் ஒன்றாகக் குழைத்து வைக்கிற எங்கள் ஊர் நல்ல மனசை எந்த ஊர்ப் புகாரில் எழுதுவது? "வுய், வுய்" என்று ஆமாம் போட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனேன்.

பிலோமி இப்போது திருபுவனையில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அம்மாவுக்குப் பாதி நிம்மதி. "போனா போவுது வுடு சேவியர். கம்பெனி பஸ்ஸு தெருவுக்கே வருது. நாலு பொண்ணுங்களோட கலகலன்னு போய்ட்டு வரா" என்கிறார். பரீட்சைக்கு மட்டுமாவது போய் எழுது என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள். "கம்பெனில காதுல ஒண்ணும் மாட்டறதில்லண்ணா. மெஷின் சத்தத்துல அங்க யாருக்குமே எதுவும் கேக்காது. எல்லாம் கையிலதான் பேசிக்குவோம். எம் மாதிரியே எல்லாரும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் எனக்கு வலித்தது.

போன வாரம் அவளே வீடியோவில் கூப்பிட்டாள். எனக்குக் காலை வேளை, அவளுக்கு ஷிஃப்டு முடிந்த நேரம். நெடுஞ்சாலை ஓரத்தில் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள், அவளும் இரண்டு தோழிகளும். லாரிகள் போகிற இரைச்சலில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. தோழி ஒருத்தி விரல்களை மடக்கி, மணிக்கட்டைத் திருப்பி, மோவாயில் ஒரு தட்டுத் தட்டினாள். பிலோமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "இன்னாடி சொல்றா?" என்று வாயை நன்றாகத் திறந்து கேட்டேன். அவள் எனக்கும் அதே சைகையைச் செய்து காட்டினாள். புரியவில்லை. இன்னொரு முறை, சின்னப் பிள்ளைக்குக் காட்டுவதுபோல மெதுவாகச் செய்தாள். அப்போதும் புரியவில்லை. விரலை மடக்கி, மணிக்கட்டைத் திருப்பி நானும் செய்து பார்த்தேன். பஸ் வந்துவிட்டது போல, படம் ஆடி அறுந்துபோனது. கை அப்படியே தூக்கினபடி பல்கலைக்கழக நடைபாதையில் நின்றிருந்தேன். எதிரே வந்த மாணவன் ஒருவன் தனக்குத்தான் என்று நினைத்து, "போன்ழூர்" என்று வணக்கம் சொல்லி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.