செங்கல் நிறக் கோட்டும் தாரணி அக்காவும்

காலை ஒன்பது மணி பதினேழு நிமிடம். லண்டன், வெஸ்ட் ஈலிங் பஸ் தரிப்பில் முதலில் கண்ணில் பட்டது ஒரு கோட்டு. வரிசையில் பதினொரு பெண்கள் நின்றார்கள். எட்டுக் கறுப்பு, ஒரு சாம்பல், ஒரு கடுநீலம். பதினோராவது செங்கல் நிறம். மழையில் நனைந்து பாதி காய்ந்த செங்கல் இருக்குமே, அந்த நிறம்.

போட்டிருந்தவள் எங்கள் தமிழ்ப் பிள்ளை. இருபத்தைந்து வயதிருக்கும். சின்னப் பொட்டு, காதில் இயர்போன், நல்ல கறுப்பு. அந்தக் கோட்டு அவளுடைய முகத்துக்குத் தனியாக ஒரு விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றது. போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது. தலை நரைத்த ஆண் ஒருவன் பஸ் தரிப்பில் முன்பின் தெரியாத பெண்ணிடம் போய், 'உங்கள் கோட்டு உங்கள் நிறத்துக்கு மிகவும் பொருந்துகிறது' என்று சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு நின்றதில் என்னுடைய பஸ் போய்விட்டது.

மூன்று ஸ்வெட்டர்களில் குளிர்காலத்தை ஓட்டுகிறவனுக்குப் பெண்களின் கோட்டில் என்ன அக்கறை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் ஒரு காலத்தில் தாரணி அக்காவாக இருந்தவன்.

இருபது வருடத்துக்கு மேலாகிறது. வெம்பிளியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே எங்கள் வாரப் பத்திரிகையின் அலுவலகம். கீழே ரோல்ஸ் பொரிக்கும் மணம் பத்தரை மணிக்கு மேலே வரும்; பதினொரு மணிக்குப் பிறகு எழுதிய எந்தச் செய்தியையும் நான் வயிறு நிறைந்து எழுதியதில்லை. ஆசிரியரோடு சேர்த்து மூன்று பேர். மூவரும் ஆண்கள். பெண்கள் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தவர் கலியாணம் முடித்துக் கனடாவுக்குப் போனபோது, 'தாரணி' என்ற பெயரை மேசை லாச்சிக்குள் விட்டுவிட்டுப் போனார். அவருக்கும் அது சொந்தப் பெயர் இல்லை.

"நீர் மொழிபெயர்ப்பீர்தானே?" என்று ஆசிரியர் கேட்டார். "இனி நீர்தான் தாரணி."

அப்படித்தான் ஆனேன். பத்திய உணவு, பாதவெடிப்பு, பிள்ளைக்குப் பால் மறக்கப்பண்ணுதல் எல்லாம் எழுதினேன். எனக்கு வயது இருபத்தாறு, பிரம்மச்சாரி. அக்கறையோடுதான் எழுதினேன், அதில் கள்ளம் இல்லை.

ஒக்டோபர் மாதம், முதல் குளிர் விழுந்த வாரம், ரயிலில் யாரோ விட்டுவிட்டுப் போன ஆங்கிலப் பெண்கள் சஞ்சிகை ஒன்று கிடைத்தது. அதில் இரண்டு பக்கக் கட்டுரை: உங்கள் நிறத்துக்கு ஏற்ற இலையுதிர்கால, குளிர்கால உடுப்புகளைத் தெரிவுசெய்வது எப்படி. பெண்களை நாலு பருவங்களாகப் பிரித்திருந்தார்கள். பொன் முடி, நீலக் கண் ஒரு வகை. செம்முடி இன்னொரு வகை. கறுத்த முடியும் கறுத்த கண்ணும் உள்ளவர்கள் 'குளிர்கால வகை'. இவர்களுக்குக் கறுப்பு, சுத்த வெள்ளை, பளிச்சென்ற நீலம் பொருந்தும். செங்கல், மண், கோப்பி நிறங்களைத் தொடவே கூடாது. வரி பிசகாமல் மொழிபெயர்த்தேன். கடுகு நிறமும் கூடாது என்று எழுதினேன். இங்கிலீஷ்காரரின் கடுகு மஞ்சள், எங்கள் கடுகு கறுப்பு என்பது அச்சான பிறகுதான் உறைத்தது. அதைவிடப் பெரிய பிழை ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்தது உறைக்கவேயில்லை.

சனிக்கிழமை காலை தொலைபேசி அடித்தது.

"தாரணி அக்காவோட கதைக்கலாமே?"

"அவ இப்ப இல்லை. நான் குறிச்சு வைக்கிறன், சொல்லுங்கோ."

"தம்பி, அவ என்ன நிறம்?"

என் முழங்கையைப் பார்த்தேன். "பொதுநிறம்."

"அப்ப சரி. உங்கட பேப்பர் வாசிக்கிற ஆக்களில பொன் முடியோட ஆர் இருக்கினம் எண்டு அவவிட்ட ஒருக்காக் கேளும். அவ எழுதினபடி பாத்தா லண்டனில இருக்கிற தமிழ்ப் பொம்பிளையள் எல்லாரும் ஒரே ஆள்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பிறகு குரல் இறங்கியது. பெயர் வசந்தி, நோர்பரியில் இருக்கிறார். தெற்கு லண்டனில் ஒரு பெரிய பல்மாடிக் கடையில் ஐந்து வருடமாக விடியக்காலைத் துப்புரவு வேலை. கடை திறக்க முன்பே வேலை முடிந்து, பின்கதவால் வெளியே வந்துவிட வேண்டும். இரண்டாம் மாடியில் பெண்களின் கோட்டுப் பகுதிக்கு விற்பனைக்கு ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பம் போட்டிருக்கிறார், புதன்கிழமை நேர்முகம். அதற்கென்றே ஒரு கோட்டு வாங்கி வைத்திருந்தார். செங்கல் நிறம். எங்கள் பத்திரிகையைப் பார்த்த பிறகு அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் கறுப்புக் கோட்டு இரவல் வாங்கியிருக்கிறார்.

"நிறம் பாக்கத் தெரியாதவளை நிறம் விக்கிற இடத்துக்கு எடுப்பினமோ தம்பி? தாரணி அக்காவை ஒருக்கா வரச் சொல்லும். கண்ணால பாத்துச் சொல்லட்டும். இது பிழைச்சா நான் திரும்பவும் விடிய நாலு மணிக்குத்தான் எழும்பவேணும்."

விலாசத்தைச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார். சஞ்சிகையைத் திரும்ப எடுத்து வாசித்தேன். கறுத்த முடி, கறுத்த கண். நான், ஆசிரியர், கீழே ரோல்ஸ் பொரிக்கிறவர், எங்கள் மூத்த வாசகி முதல் நேற்றுப் பிறந்த குழந்தை வரை எல்லோரையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தேன்.

ஞாயிறு மதியம் ஒன்றரை மணிக்கு நோர்பரியில் கதவைத் தட்டினேன். வசந்தி அக்கா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"தாரணி அக்கா வரேல்லையோ?"

"நான்தான்."

தலை முதல் கால் வரை பார்த்தார். நான் போட்டிருந்தது பாசிப் பச்சையும் இல்லாத சாம்பலும் இல்லாத ஒரு ஜாக்கெட். "இதைப் போட்டுக்கொண்டோ எங்களுக்குப் புத்தி சொன்னனீர்?" என்றார். பிறகு கதவில் சாய்ந்து நின்று சிரித்தார். உள்ளே திரும்பி, "இஞ்சேருங்கோ, தாரணி அக்கா வந்திருக்கிறா, மீசையோட!" என்று கத்தினார். சோபாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த கணவர் திரும்பாமலே, "வரச் சொல்லும், தேத்தண்ணி குடும்" என்றார்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளும் சாட்சியாகச் சஞ்சிகையைக் கொண்டுபோயிருந்தேன். அதன் கடைசி மூலையில், இடம் போதாமல் நான் மொழிபெயர்க்காமல் விட்ட ஒரு பெட்டிச் செய்தி இருந்தது: யன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, பல நிறத் துணிகளை ஒவ்வொன்றாக நாடிக்குக் கீழே, கழுத்தோரம் பிடித்துப் பாருங்கள். வாசித்துக் காட்டினேன். "ஆனால் கனக்க நிறத்தில துணி வேணுமாம் அக்கா."

"துணியோ?" என்றார். அறைக்குள் போய்க் கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு சூட்கேசை இழுத்து வந்தார். திறந்ததும் பூச்சி உருண்டை மணம் முகத்தில் அடித்தது. உள்ளே சேலைகள். மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, மயில் கழுத்து, அரக்கு, கத்தரிப்பூ, வெங்காயச் சருகு, பாக்கு நிறம். ஆங்கிலச் சஞ்சிகைக்காரர் கண்டிருந்தால் அழுதிருப்பார்கள்.

அந்த இடத்தில்தான் அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "சீலைக் கடையில நாங்கள் என்ன செய்யிறனாங்கள்? கடைக்காரன் லைற்றுக்குக் கீழ காட்டினா நம்புவமே? வாசலுக்குக் கொண்டு போவம். முந்தானையைத் தோளில போட்டுப் பாப்பம். அரை நிறம் பிழையெண்டாலும் வேண்டாமெண்டுவம். கோட்டு வாங்கேக்க மட்டும் மூளையைக் கழட்டி வீட்டில வச்சிட்டுப் போய்க் கறுப்பை எடுக்கிறம்!"

"எல்லாம் வடிவாத்தானே இருக்கு" என்றார் கணவர்.

"இவரிட்டச் சாக்கைக் கட்டிக்கொண்டு வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்லுவார். தம்பி, நீர் பேப்பர்க்காரன். கண்டதைச் சொல்லும். முகத்துக்காகச் சொல்லாதையும், கண்டதைச் சொல்லும்."

அது எனக்குத் தெரிந்த வேலை. முன்னறை யன்னலோரம் அவர் இருந்தார். நான் எதிரே குறிப்புப் புத்தகத்தோடு. வெளியே மேகம். சீரான, நிழல் விழாத வெளிச்சம். மூன்று மணிக்கு மேல் பழுதாகிவிடும். வேகமாகப் பார்த்தோம். இரவல் கறுப்புக் கோட்டு: கண்ணுக்குக் கீழே கருமை இரட்டிப்பு, வாயோரக் கோடு ஆழம். "மூண்டு நாள் நித்திரை இல்லாதவ மாதிரி இருக்கிறீங்கள்" என்றேன். பளிச்சென்ற நீலம்: "சீலை தெரியுது, நீங்கள் தெரியேல்ல." அரக்கு: பரவாயில்லை. பாக்கு நிறம்: கன்னத்தில் சூடு வந்தது. கடைசியாக அலுமாரியிலிருந்து அந்தச் செங்கல் கோட்டை எடுத்துப் போட்டார். முதலில் கண் தெரிந்தது, பிறகு சிரிப்பு, அதற்குப் பிறகுதான் கோட்டு. கணவர் தொலைக்காட்சியிலிருந்து திரும்பினார். "அட" என்றார். அன்றைக்கு அவர் மாற்றிச் சொன்ன ஒரே சொல்.

அதற்குள் கறுப்புக் கோட்டின் சொந்தக்காரி, பக்கத்து வீட்டுக் கலா, என்ன சத்தம் என்று பார்க்க வந்துவிட்டார். வசந்தி அக்காவின் மணிக்கட்டையும் கலாவின் மணிக்கட்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே கறுப்பு. ஆனால் செங்கல் நிறத்தைப் பிடித்ததும் கலாவின் முகம் காய்ச்சல்காரி போல வெளிறியது. கறுப்பைப் போட்டதும் செதுக்கியெடுத்த மாதிரி நிமிர்ந்தது. இருவரையும் யன்னலுக்கு இன்னும் கிட்டக் கூப்பிட்டேன். ஒரு கறுப்புக்கு அடியில் தேன். மற்றதற்கு அடியில் நீலம். உடம்பு சிலிர்த்தது. ஒரு நிருபனுக்குத் துப்புக் கிடைக்கும்போது வருமே, அந்தச் சிலிர்ப்பு. எவ்வளவு கறுப்பு என்பதல்ல, கறுப்புக்கு அடியில் என்ன நிறம் என்பதுதான் கேள்வி.

"அப்ப என்ர கோட்டைத் தாருமப்பா, அது எனக்கெண்டே தைச்சது" என்று கலா பிடுங்கிக்கொண்டு போனார்.

புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு அலுவலகத்துக்குத் தொலைபேசி. வசந்தி அக்கா மூச்சு வாங்கக் கதைத்தார். மூன்று பேரை ஒன்றாகக் கூப்பிட்டிருந்தார்களாம். பகுதிப் பொறுப்பாளர், மணல் நிற முடியும் சிவந்த கன்னமுமாக ஒரு வெள்ளைக்காரப் பெண், தன்னையே வாடிக்கையாளராக வைத்து ஒரு கோட்டுத் தெரிவுசெய்து தரச் சொல்லியிருக்கிறார். மற்ற இருவரும் நேரே கோட்டு மாட்டும் கம்பிக்குப் போய்க் கறுப்பையும் ஒட்டக நிறத்தையும் எடுத்து வந்தார்கள்.

"நான் எடுக்கேல்ல தம்பி. அந்த மாடி லைற் எல்லாத்தையும் மஞ்சளாக்கிப்போடும், அஞ்சு வருசமாத் துடைக்கிறன், எனக்குத் தெரியாதே? படிக்கட்டடியில ஒரு யன்னல் இருக்கு. அங்க வாங்கோ எண்டு கூட்டிக்கொண்டு போனன்."

"வந்தவவோ?"

"வந்தவ. மேசையில கிடந்த சால்வையள் ஆறை அள்ளிக்கொண்டு போய் ஒண்டொண்டாக் கழுத்தில போட்டன். புறாக் கழுத்து நிறம் ஒண்டு, சாம்பலுக்குள்ள கொஞ்சம் ஊதா. போட்டவுடன மனுசிக்குப் பத்து வயசு குறைஞ்சுது. பிறகு அதே நிறத்தில கோட்டைத் தேடிக் குடுத்தன். தன்ர கறுப்பு ஜாக்கெட்டைக் கழட்டினவ தம்பி. நான் வெளிக்கிடுமட்டும் திரும்பப் போடேல்ல."

முடிவு தெரியவில்லை. கடிதம் வரும் என்றார்கள். அந்த வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் எனக்கு வேறு எந்தச் செய்தியிலும் மனம் நிற்கவில்லை. திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தொலைபேசியை எடுத்ததும், "தாரணி அக்கா!" என்ற ஒரே கூச்சல். நான் மேசையில் ஓங்கித் தட்டியதில் ஆசிரியரின் தேநீர் கவிழ்ந்தது.

கவிழ்ந்ததைத் துடைத்துக்கொண்டே திருத்தம் போட வேண்டும் என்று கேட்டேன். "பெண்கள் பக்கத்துக்கு ஆர் திருத்தம் போடுறது?" என்றார் அவர். நான் விடவில்லை. அடுத்த வெள்ளி அரைப் பக்கம் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் தாரணி எழுதியது பிழை. பகல் வெளிச்சத்தில் உங்கள் மணிக்கட்டைப் பாருங்கள். தேன் தெரிந்தால் செங்கல், பாக்கு, கோப்பி, இலைப்பச்சை. நீலம் தெரிந்தால் கறுப்பு, கத்தரிப்பூ, மயில் கழுத்து. கோட்டு வேறு நிறமாக அமைந்துவிட்டால், கழுத்தோரச் சால்வையையாவது பொருந்துகிற நிறத்தில் போடுங்கள். சந்தேகம் வந்தால், நீங்கள் கட்டியபோது நாலு பேர் 'உடம்பு தேறியிருக்கிறீர்' என்று சொன்ன சேலை எது என்று யோசியுங்கள். அதன் நிறத்தில் கோட்டு வாங்குங்கள்.

பத்திரிகைத் தொழிலில் நான் எழுதிய எந்த அரசியல் கட்டுரைக்கும் அவ்வளவு தொலைபேசி வரவில்லை. ஹரோவிலிருந்து ஒரு பெண், தன்னுடைய கூறைச்சேலையே பொருந்தவில்லை, இப்போது என்ன செய்வது என்று கேட்டார். மணமகனும் பொருந்தவில்லையா என்று கேட்க வாய் வந்தது. தாரணி அக்கா அப்படிக் கேட்க மாட்டார். தைப்பொங்கலுக்குக் கோயில் மண்டபத்தில் கோட்டு மாட்டும் கம்பியைப் போய்ப் பார்த்தேன். ஏழு நிறக் கோட்டுகள். முந்தைய வருடம் நான் கண்டது ஒரே ஒரு நிறம்.

இப்போது கைத்தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தால் அது உங்கள் நிறப் பருவத்தைச் சொல்லிவிடுகிறது. எங்கள் பத்திரிகை நின்றுவிட்டது. தாரணி அக்காவின் கடைசிப் பக்கம் பொடுகைப் பற்றியது.

வசந்தி அக்கா அந்தக் கடையில் பதினொரு வருடம் கோட்டு விற்றார். கடைசி நாலு வருடம் அந்தப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. பிறகு கடையை மூடி, கட்டடத்தைக் குடியிருப்பாக்கினார்கள். இரண்டாம் மாடியில் இப்போது ஒன்பது வீடுகள் இருக்கின்றன.