எண்ணெய் போடாத கால்

“...எண்ணெய நல்லா ஊற உட்டுத்தானுங்க வெச்சேன், டாக்டர். வலிக்கற காலுக்கு எண்ணெ போடாம, வெறுமனேவா மிசின வெப்பாங்க?”

என் மனைவி மாராத்தாள் இதைச் சொன்னதும், எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். வலிக்கு வைக்கும் அந்த மிசின் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத்தான் நாங்கள் வேலந்தாவளத்திலிருந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தோம். வீட்டில் பதினைந்து நாள் வைத்தும் பலன் இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்ததே இரண்டு பெட்டிகள். என் வலிக்கு அது கேட்கவில்லை என்றால், காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும்.

இப்படி ஒரு வலியோடு இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் மாட்டுத் தரகன். சந்தையில் ஒரு காளை உதைத்ததில் வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எலும்பு கூடியது, வலி போகவில்லை. வேட்டி உரசினாலே நெருப்புப் பட்டதுபோல எரியும். நரம்புவலி (காயம் ஆறிய பிறகும், அடிபட்ட நரம்பு விடாமல் கிளப்பும் வலி) என்றார்கள். “காள போயி ரெண்டு வருசமாச்சு, உங்க காலுக்கு யாரும் சொல்லலீங்களாட்ட இருக்குது” என்றார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர் சொன்னதுதான் எனக்குச் சட்டென்று விளங்கியது.

வலியைவிட மறதிதான் என்னைப் பயமுறுத்தியது. துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவது எங்கள் தொழில். வாங்குகிறவர் அழுத்திய விரல்கள், விற்கிறவரிடம் நாலு எட்டு வைத்துப் போவதற்குள் மனதைவிட்டுப் போய்விடும். திரும்பி வந்து மறுபடி கையை நீட்டுவேன். “ஏனுங்ணா, வெல கேக்கறீங்களா, கைரேக பாக்கறீங்களா?” என்று கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் கேலி நின்றது. மாடு கொடுப்பதையும் நிறுத்திக்கொண்டார்கள். வேறு தொழில் எனக்குத் தெரியாது.

இந்த ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை போனபோது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார் டாக்டரம்மா. எண்பத்தாறோடு நின்றுவிட்டேன். புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்டேன்.

“கெடலைங்க. வலி ஒரு பக்கம் கத்திட்டே இருந்தா, மத்தது எப்படிக் காதுல விழும்? தூக்கமும் இல்லை, மாத்திரை மயக்கம் வேற.”

அதற்குத்தான் அந்த வெளிநாட்டுப் பெட்டி. சின்ன டிரான்சிஸ்டர் அளவு இருக்கும். உள்ளே பேட்டரி, வெளியே இரண்டு ஒயர், நுனியில் ரப்பர் வில்லைகள். பசை தடவித் தோலில் ஒட்டி, பெட்டியின் குமிழைத் திருகினால் நரம்புத் தூண்டல் (தோல் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்துவது) நடக்கும். அந்தக் குறுகுறுப்பு முந்திக்கொண்டு போவதால் வலிக்கு வழி குறுகிவிடுமாம். ஆஸ்பத்திரியில் வைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் வில்லை வழுக்கியது.

காரணம் இப்போதுதான் வெளியே வந்தது. மாராத்தாள் தினமும் குழம்பை (வைத்தியர் காய்ச்சிக் கொடுக்கும் மூலிகை எண்ணெய்) அரை மணி நேரம் தேய்த்து, அதன்மேல்தான் வில்லையை ஒட்டினாள். தொட்டாலே எரியும் கால். ஆனாலும் அவள் அவ்வளவு பதமாகத் தேய்க்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தப்பில் எனக்கும் பாதி.

“எண்ணெய்க்குள்ள கரண்ட் போகாதும்மா” என்றார் டாக்டரம்மா. கோபித்துக்கொள்ளவில்லை. சோப்பும் வெந்நீரும் வரவழைத்தார். மாராத்தாளே குனிந்து காலைக் கழுவித் துடைத்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது.

வில்லைகளை மறுபடி ஒட்டித் திருகியதும் முழங்கால் மடிப்பில் எறும்புச் சாரை ஊர்ந்தது. கால் மணி நேரத்தில் எரிச்சல், பக்கத்து அறையில் யாரோ பேசுவதுபோலத் தள்ளிப் போனது.

முழுக்கக் குணமாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். எல்லோருக்கும் இது கேட்பதில்லை. டாக்டர் சொல்லாமல் வைத்துக்கொள்ளவும் கூடாது. எனக்குத் தூக்கம் வந்தது, மாத்திரை குறைந்தது. மூன்று மாதத்தில், துண்டுக்கடியில் பிடித்த விரல் மனதில் நின்றது. முன்பெல்லாம் பொழுது விடிவதும் அடைவதும் ஒரே வலியாக இருக்கும். இப்போது என் நாளில் காலை, மதியம், சாயங்காலம் எல்லாம் தனித்தனியாக இருக்கின்றன. சில நேரம் எது அடிபட்ட கால் என்றுகூடத் தெரிவதில்லை.

அன்று அந்த அறையில் இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

“இப்ப எப்படி இருக்குங்க?” என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாராத்தாள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள். மேசைமேல் இருந்த பெட்டியின் உறையையும் பசைக் குழாயையும் எடுத்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டையும் தன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.